ஜீனோம் சீக்வென்சிங் கருவிகளை, அதாவது ஓர் உயிரினத்தின் டி.என்.ஏவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் கருவிகளை, உருவாக்கும் விஞ்ஞானியின் வேலை எப்படி இருக்கும்? அதற்கு உயிரியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், படித்தது வேதியியல். இன்று பரவலாக ஓடும் இல்லுமினா நிறுவனக் கருவிகளின் அடிப்படை முறையைக் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் வேதியியலாளர்கள்தான். 1998இல் அவர்கள் தொடங்கிய சொலெக்சா நிறுவனத்தை 2007இல் இல்லுமினா வாங்கியது.

அன்றாட வேலை என்றால் பெரும்பாலும் பிழையைத் துரத்துவதுதான். அந்த முறையில் ஒரே டி.என்.ஏ துண்டின் நிறைய பிரதிகள் கண்ணாடித் தகட்டில் கொத்தாக ஒட்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒவ்வோர் இழையிலும் ஓர் எழுத்துதான் (A, C, G, T என்று குறிக்கப்படும் நான்கு வேதிப்பொருள்களில் ஒன்று) சேரும். அதிலுள்ள சாயம் ஒளிர்வதைக் கேமரா பிடிக்கும். அப்புறம் சாயத்தையும், அடுத்த எழுத்து சேராமல் தடுக்கும் பகுதியையும் வெட்டி நீக்கிவிட்டு அடுத்த சுற்று. சொல்ல எளிது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சில இழைகள் பின்தங்கும், சில முந்தும். 99.5 சதவீத இழைகள் ஒவ்வொரு முறையும் சரியாக நகர்ந்தாலும், 100 சுற்று முடியும்போது ஒருமுறைகூடத் தடம் மாறாமல் வந்தவை சுமார் 60 சதவீதம்தான். அதையே 99.9 ஆக்கினால் 90. அந்த 0.4க்காக ஒருவர் நொதியை மாற்றுவார், ஒருவர் சாயத்தை மாற்றுவார், இன்னொருவர் திரவம் ஓடும் வேகத்தையும் வெப்பநிலையையும் திருகிக்கொண்டிருப்பார். மென்பொருள்காரர்கள் மிச்சப் பிழையைக் கணக்குப் போட்டுக் கழிக்கப் பார்ப்பார்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான். சிலருக்கு இது பைத்தியம் பிடிக்க வைக்கும்.

பொறுமையும் வேண்டும். நுண்துளை வழியாக டி.என்.ஏவை இழுத்து, மின்னோட்ட மாறுதலை வைத்து எழுத்துகளைப் படிக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி டேவிட் டீமர் தன் குறிப்பேட்டில் எழுதியது 1989இல். அந்த முறையில் இயங்கும் கையடக்க மினயான் கருவி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது 2014இல். அதிலும் ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் மின்னோட்டம் பெரிதாக மாறாது, எத்தனை எழுத்து என்று எண்ணுவது சிரமம். அந்தத் தலைவலிக்காகவே சிக்னல் பிராசஸிங் (இரைச்சல் கலந்த மின்சமிக்ஞையிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பது) தெரிந்தவர்களைத் தேடுவார்கள்.

சம்பளம், பதவி உயர்வெல்லாம் மற்றத் தொழில்நுட்ப வேலைகள் மாதிரிதான். ஒன்று மட்டும் உறுத்தும். நிறுவனத்தில் செய்த நல்ல வேலை காப்புரிமைக்குள் போய்விடும், ஆய்வுக் கட்டுரையாக வருவது குறைவு. பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பல்கலைக்கழகமே நல்லது.

பிஎச்.டி.க்கு ஆய்வகம் தேடினால், அங்கே சீக்வென்சரைப் பயன்படுத்துகிறார்களா, அல்லது ஏதாவது கருவியைத் தாங்களே கட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் அந்தக் கருவி சீக்வென்சராக இல்லாவிட்டாலும் சேரலாம். கூடவே புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள்.