அமெரிக்காவில் துப்பாக்கி உரிமைக்கும் குடிமக்கள் படைக்கும் என்ன தொடர்பு?

நிரந்தர ராணுவம் இருந்தால் ஆட்சி கொடுங்கோலாகிவிடும் என்ற பயம் அன்றைய அமெரிக்கர்களுக்கு இருந்தது. பிரிட்டிஷ் படைகளிடம் பட்ட பாடு அப்படி. அதனால்தான் 1791-இல் அரசியலமைப்பில் வந்த இரண்டாம் திருத்தம் ஆயுத உரிமையைக் குடிமக்கள் படையோடு, அதாவது தேவைப்படும்போது சாதாரண மக்களே ஆயுதமேந்தித் திரளும் படையோடு, சேர்த்தே பேசுகிறது. 1792 சட்டப்படி 18 முதல் 45 வயதுக்குட்பட்ட வெள்ளையின ஆண்கள் துப்பாக்கியைத் தாங்களே வாங்கி வைத்திருக்க வேண்டும். உரிமை என்பதைவிட இதைக் கடமை என்றே சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், 1794-இல் விஸ்கி வரியை எதிர்த்துக் கிளம்பியவர்களை அடக்க அதிபர் வாஷிங்டன் திரட்டியதும் இதே படையைத்தான். அரசை எதிர்க்கவே இந்தப் படை என்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1903-க்கு அப்புறம் அந்த இடத்தை, பயிற்சி பெற்ற பகுதிநேர வீரர்களைக் கொண்ட தேசியக் காவல்படை (National Guard) பிடித்துக்கொண்டது. சரி, பழைய படை போனபின் உரிமை யாருக்கு? தனிமனிதருக்கும் உண்டு, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது.