பாட்டு நின்றாலும் நிற்காத 'ம்ம்ம்': ஆம்ப்ளிஃபையர் ஹம் பற்றிக் கேள்வி பதில்

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் வரும் 'ம்ம்ம்' சத்தம் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். ஹம்மைப் பிடிக்க முதலில் வேண்டியது காது, அடுத்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை.

கேள்வி: சார், ஆம்பை ஆன் செய்த உடனே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?

வால்யூமில் ஆரம்பியுங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஊஃபருக்கு, அதாவது பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு மெதுவாக ஏற்றுங்கள். வால்யூமோடு சேர்ந்து ஹம்மும் ஏறினால், அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைகிறது. அதாவது கேபிளிலோ, பிளேயரிலோ, இன்புட் பகுதியிலோ பிரச்சனை. வால்யூம் எங்கே இருந்தாலும் ஹம் ஒரே அளவில் இருந்தால், வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் பவர் ஆம்ப் பகுதியையோ பவர் சப்ளையையோ சந்தேகிக்கலாம்.

அப்புறம் ஆம்பை ஆஃப் செய்து, பின்னால் இருக்கும் எல்லா இன்புட் ஒயர்களையும் கழற்றுங்கள். டிவி, கணினி என ஒன்று விடாமல். சப்வூஃபருக்குப் போகும் ஒயரையும். ஸ்பீக்கர் ஒயர் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்யுங்கள். அமைதியாகிவிட்டதா? ஆம்பில் குறை இல்லை. ஒவ்வொரு ஒயராகத் திரும்ப மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துவிட்டு. எந்த ஒயரை மாட்டும்போது ஹம் வருகிறதோ, அந்த வழியில் தேட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதுவும் மாட்டாத இன்புட் சாக்கெட் ஆன்டெனா மாதிரி வேலை செய்து, தானே கொஞ்சம் ஹம்மை இழுக்கும். அதனால் பழைய ஆர்சிஏ பிளக் (நடுவில் முள்ளும் அதைச் சுற்றி வளையமும் உள்ள ஆடியோ பிளக்) இரண்டை எடுத்து, நடு முள்ளையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்புட்டில் செருகினால்தான் சோதனை சுத்தமாக இருக்கும். இன்புட்டில் மட்டும்தான். அவுட்புட் சாக்கெட்டில் செருகிவிடாதீர்கள்.

கேள்வி: சத்தத்தை வைத்தே எந்த வகை ஹம் என்று சொல்ல முடியுமா ஐயா?

ஓரளவு முடியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஆழமான, மெத்தென்ற 'ம்ம்ம்' வந்தால் அது 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம், ஷீல்டு (ஒயரைச் சுற்றிய உலோக உறை) விட்டுப்போன ஒயர், எர்த் லூப் (அடுத்த பதிலில் விளக்குகிறேன்) போன்றவை இந்த வகை. கொஞ்சம் கரகரப்பாக, ஒரு ஸ்தாயி மேலே ஒலித்தால் 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் மின் அலையின் இரண்டு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்புவதால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. ஆகவே 100 என்றால் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெப்பாசிட்டர் பக்கம் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இவை 60, 120.

போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, ஹெட்போனில் 50ஐயும் 100ஐயும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் காதில் பதிந்துவிடும். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். எர்த் லூப்பிலும் 100, 150, 250 என்று மடங்குகள் கலந்து வந்து கரகரப்பாகக் கேட்கும். கழற்றி மாட்டும் சோதனைதான் கடைசித் தீர்ப்பு.

கேள்வி: அண்ணா, லேப்டாப்பை ஆம்பில் மாட்டிப் பாட்டுக் கேட்கிறேன். சார்ஜர் போட்டால் ஹம் வருகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் உடனே நின்றுவிடுகிறது. லேப்டாப் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை தம்பி, லேப்டாப் நன்றாக இருக்கிறது. நீங்கள் செய்திருப்பதே சரியான சோதனை. இதுதான் எர்த் லூப்.

உங்கள் ஆம்புக்கு மூன்று முள் பிளக், எர்த் இருக்கிறது. சார்ஜருக்கும் மூன்று முள் என்றால் அதற்கும் எர்த் இருக்கிறது. இரண்டு எர்த்தும் சுவருக்குள் ஓர் இடத்தில் சேர்கின்றன. இந்தப் பக்கம் ஆடியோ கேபிளின் வெளி ஷீல்டு இரண்டு பெட்டியையும் இன்னொரு முறை இணைக்கிறது. ஆக ஒரு முழு வளையம். இரண்டு எர்த் புள்ளிக்கும் இடையில் எப்போதும் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாக மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. ஷீல்டின் தடை 0.1 ஓம், ஓடுவது 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஷீல்டின் இரு முனைக்கும் இடையில் 1 மில்லிவோல்ட் உருவாகும். ஆர்சிஏ போன்ற இணைப்பில் பாட்டுக்கும் திரும்பிவரும் பாதை அதே ஷீல்டுதான். எனவே அந்த 1 மில்லிவோல்ட்டையும் ஆம்ப் பாட்டு என்றே நினைத்துப் பெருக்குகிறது. 2 வோல்ட் சிக்னலுக்கு முன்னால் அது 66 டெசிபல் கீழேதான். ஆனாலும் பாட்டு நின்ற இரவு நேரத்தில் காதில் விழும்.

முதலில் காசு செலவில்லாத வழி: ஆம்பையும் சார்ஜரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். வளையம் சின்னதாகும், எர்த் வித்தியாசமும் குறையும். பல நேரம் இதுவே போதும். போதவில்லை என்றால் ஆடியோ கேபிளுக்கு நடுவே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். அது பாட்டைக் காந்த வழியாக அனுப்பும், உலோக இணைப்பை அறுத்துவிடும். ரொம்ப மலிவானது வாங்கினால் பேஸ் இளைத்துவிடும், அதைக் கவனியுங்கள். ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஒளி வழியாகப் போகும் இணைப்பில் லூப்புக்கு இடமே கிடையாது.

சார்ஜர் இரண்டு முள்ளாக இருந்தால் கதை வேறு. உள்ளே இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் ஆம்பின் எர்த்தைத் தேடி அதே ஷீல்டில் ஓடும். உலோக லேப்டாப்பைத் தடவினால் விரலில் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரியுமே, அது இந்தக் கசிவுதான். வைத்தியம் அதேதான்.

கேள்வி: நண்பர் ஒருவர் ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் கழற்றிவிடச் சொன்னார். செய்தேன், ஹம் சுத்தமாகப் போய்விட்டது. இப்படியே விடலாமா?

கூடாது. படித்து முடித்த கையோடு பிளக்கை உருவுங்கள், எர்த்தைத் திரும்ப இணைத்த பிறகு ஆன் செய்யுங்கள்.

எர்த் ஒயர் இருப்பது ஹம்முக்காக அல்ல, உங்கள் உயிருக்காக. ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றாவது ஒருநாள் விட்டுப்போனால் ஃபேஸ் நேராகப் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் ஓடி ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் பெட்டி அப்படியே காத்திருக்கும், நீங்கள் தொடும் வரை. ஆம்ப் மட்டுமல்ல, ஷீல்டு வழியாக அதோடு சேர்ந்த எல்லாப் பெட்டியும் ஷாக் அடிக்கும். வேலை செய்கிறதே என்று ஆண்டுக்கணக்கில் எர்த் இல்லாமல் ஓட்டிய செட்டுகளைத் திறந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

முள்ளைக் கழற்றியதும் ஹம் போனதால் ஒரு நல்ல தகவல் கிடைத்திருக்கிறது: உங்களுடையது எர்த் லூப். மேலே சொன்ன வழிகளில் அதை அறுங்கள். ஆம்புக்குள்ளேயே செய்ய வேண்டுமென்றால், பெட்டி எப்போதும் எர்த்தோடு நேராக இணைந்திருக்க, சிக்னல் கிரவுண்டை (பாட்டு திரும்பிவரும் பொதுப் பாதையை) மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டியில் சேர்ப்பார்கள். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக, எதிர் எதிர்த் திசையில் இரண்டு பெரிய டயோடுகள் இருக்கும். கோளாறு வந்தால் முழு மின்னோட்டத்தையும் அவை தாங்கும். தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: சார், ரெக்கார்டு பிளேயர் போட்டால் மட்டும் ஹம். சிடி, டிவி எல்லாம் அமைதியாக இருக்கின்றன.

ரெக்கார்டு பிளேயர்தான் ஹம்முக்குச் செல்லப் பிள்ளை. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், மூவிங் மேக்னெட் வகை என்றால், தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ரெக்கார்டு பிளேயருக்கென்றே உள்ள பெருக்கும் பகுதியான ஃபோனோ ஸ்டேஜ் அதை 1000 ஹெர்ட்ஸில் சுமார் 100 மடங்கு பெருக்கும். ரெக்கார்டில் பேஸைக் குறைத்துப் பதிவதால், திரும்பக் கேட்கும்போது அதை ஏற்ற வேண்டும். அதனால் 50 ஹெர்ட்ஸில் பெருக்கம் ஏறக்குறைய 700 மடங்கு. நுழையும் ஹம்முக்கும் அதே 700 மடங்குதான்.

பிளேயரிலிருந்து இரண்டு ஆர்சிஏவோடு மெல்லிய ஒயர் ஒன்று தனியாக வரும், நுனியில் சின்ன U வடிவத் தகடு. அது ஆம்பின் பின்னால் இருக்கும் கிரவுண்டு ஸ்க்ரூவில் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்வீர்கள். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். பழைய செட்டுகளில் தகட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், மல்டிமீட்டர் வைத்தால் இணைப்பே இருக்காது. மெல்லிய எமரி தாளில் இரண்டையும் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். சில பிளேயர்களில் ஒரு சேனலின் ஷீல்டிலேயே உள்ளே கிரவுண்டு சேர்த்திருப்பார்கள். அவற்றில் தனி ஒயரை மாட்டினால் ஹம் கூடும். மாட்டியும் கழற்றியும் கேளுங்கள்.

ஒரு சேனலில் மட்டும் ஹம் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு ஒயர்கள்: வெள்ளை, நீலம் இடது, சிவப்பு, பச்சை வலது. இவற்றில் ஏதோ ஒன்றின் கிளிப் தளர்ந்திருக்கும். ஆம்பை ஆஃப் செய்துவிட்டு, ட்வீசரால் கிளிப்பை லேசாக அழுத்தித் திரும்பச் செருகுங்கள். முரட்டுத்தனமாகச் செய்தால் ஒயர் அறுந்துவிடும்.

ஆர்மை (ஊசி இருக்கும் கையை) ரெக்கார்டின் நடுவை நோக்கி நகர்த்தும்போது ஹம் கூடுகிறதா? மோட்டாரோ பக்கத்திலிருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரோ கார்ட்ரிட்ஜில் நேராக ஏறுகிறது. பிளேயரை ஆம்பின் மேலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். அரை மீட்டர் தள்ளி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

கேள்வி: விலை உயர்ந்த ஷீல்டு கேபிள் வாங்கிப் போட்டும் ஹம் அப்படியே இருக்கிறதே?

செம்புப் பின்னல் ஷீல்டு மின்புலத்தைத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது. எர்த் லூப்பையும் அறுக்காது. ஆடியோ கேபிளைப் பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். குறுக்கே போக வேண்டுமென்றால் சரியாகக் கூட்டல் குறி மாதிரி கடக்கட்டும்.

கேள்வி: வால்யூம் குமிழைத் தொட்டால் ஹம் குறைகிறது. ஏன்?

அந்த உலோகம் கிரவுண்டோடு சேரவில்லை, உங்கள் உடல் அந்த வேலையைச் செய்கிறது. வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடம்பைப் பெட்டியோடு இணைக்கும் ஒயரோ நட்டோ தளர்ந்திருக்கும். தொடும்போது துளி சுருக்கென்றாலும் உடனே பிளக்கை உருவிவிட்டு, முதலில் எர்த்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: அண்ணே, முப்பது வருடப் பழைய ஆம்ப். இரண்டு சேனலிலும் கரகரவென்று ஹம், வால்யூமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லா ஒயரையும் கழற்றிப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்குத்தான் ஆம்பைத் திறக்கச் சொல்வேன். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்க வேண்டும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 2 ஆம்பியர் இழுத்தால், 100 ஹெர்ட்ஸில் சுமார் 2 வோல்ட் ஏற்ற இறக்கம் இருக்கும். நல்ல ஆம்ப் அதைத் தாங்கிக்கொள்ளும். கெப்பாசிட்டர் 2,000க்கு வற்றினால் அதே ஏற்ற இறக்கம் 10 வோல்ட்டை நெருங்கும், அதை எந்த ஆம்பும் மறைக்க முடியாது. மேல்மூடி உப்பியிருக்கிறதா, அடியில் பிசின் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் வெளியே லட்சணமாக இருந்துகொண்டே உள்ளே வற்றியவையும் உண்டு, அளந்துதான் தெரியும்.

கை வைக்கும் முன் பிளக்கை உருவி, 1000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்துக் கெப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு மீட்டரில் வோல்ட் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கரில் எதுவும் இல்லை, பெட்டியே உறுமுகிறது.

அது ட்ரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. டொராய்டல் (வளைய வடிவ) வகை என்றால், மின்சாரத்தில் கலந்துவரும் சிறிதளவு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கூட அதை உறுமச் செய்யும். ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் யாராவது ஓட்டும்போது மட்டும் உறுமினால் காரணம் அதுதான். டிசி பிளாக்கர் வைத்தால் அடங்கும். நடு போல்ட்டை இறுக்கிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த போல்ட்டின் மேல்முனை பெட்டியின் மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் அது ஷார்ட்டான ஒரு சுற்றாகி ட்ரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும்.

கேள்வி: முதல் பதிலைப் படித்து எல்லாவற்றையும் கழற்றினேன் சார். டிவிக்கு வரும் கேபிள் இணைப்பைப் பிடுங்கியதும் ஹம் நின்றது. ஆம்பில் டிவி இருக்கிறது, ஆனால் நான் கேட்பது சிடி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் கேபிளின் ஷீல்டு வெளியே எங்கோ தனியாக எர்த் செய்யப்பட்டிருக்கிறது. டிவி வழியாக அது உங்கள் ஆம்பின் கிரவுண்டைத் தொடுகிறது. நீங்கள் எதைக் கேட்டாலும், ஒயர் மாட்டியிருக்கும் வரை வளையம் இருக்கும். நானே ஒரு முறை மூன்று நாள் மாலை ஓர் ஆம்பைப் பிரித்துக் கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றி, வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அதே ஹம். என் மேஜையில் டிவி கேபிள் இல்லாததால் அது அங்கே வரவே இல்லை. அன்றிலிருந்து, செட்டில் என்னவெல்லாம் மாட்டியிருக்கிறது என்று கேட்காமல் எந்த ஆம்பையும் திறப்பதில்லை.

டிவிக்குள் போகும் முன் கேபிளில் ஷீல்டின் உலோக இணைப்பை அறுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றைச் செருகுங்கள், விரல் நீளம்தான் இருக்கும். டிஷ் ஆன்டெனாவாக இருந்தால், ஒயர் வழியாக மேலே டிசி போக வேண்டும், சாதாரண ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும். அப்போது டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டுவிடுங்கள்.