68 வயதில் முதன்முறையாக வந்த தலைவலி

வணக்கம். இதுவரை தலைவலியே அறியாத உங்கள் தாயாருக்கு 68 வயதில், இரண்டு வாரமாக நெற்றிப்பொட்டில் வலி இருப்பதாகவும், சீப்பு பட்டாலே நோவதாகவும், சப்பாத்தியை மெல்லும்போது தாடை கடுத்துப் பாதியில் நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். 50 வயதுக்கு மேல் இவை சேர்ந்து வந்தால், நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கண்ணுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பார்வையைப் பறித்தால், பெரும்பாலும் அது திரும்புவதில்லை. இன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, தாடை வலியையும் மறக்காமல் சொல்லி, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால், தமனியின் திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலேயே ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவார்கள்; அது இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால், சர்க்கரை நோய் இருந்தால் அதையும் தெரிவித்துவிடுங்கள். பார்வை ஒரு கணம் மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.