ஒட்டாமல் தைத்த, பாதத்தோடு மடங்கும் சப்பாத்தைக் கையால் செய்ய முடியுமா?

கேட்டவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறார். அலமாரியில் கிடந்த சப்பாத்தை எடுத்தபோது அடி மாவாக உதிர்ந்ததாம். இனி ஒட்டின சப்பாத்தே வேண்டாம், தைத்ததைக் கையால் செய்யலாமா, என்ன தோல், என்ன அளவு என்று கேட்கிறார்.

செய்யலாம், மெஷினும் தேவையில்லை. ஆனால் உதிர்ந்ததற்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது. அது அநேகமாகப் பொலியூரிதேன் அடி. காற்றிலுள்ள ஈரமே அதன் உள்பிணைப்பை அறுக்கும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் அறுக்கும், வெக்கையும் கடற்காற்றும் சேர்ந்த திருகோணமலையில் இன்னும் கெதியாக. அதைத் தைத்திருந்தாலும் நூல் மிஞ்சியிருக்கும், அடி போயிருக்கும். ஆகவே அடிக்கு என்ன போடுகிறோம் என்பதும் தையலளவுக்கு முக்கியம்.

வளைவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்ற அளவுகள் தானாக வரும். ஒரு தட்டின் தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். 3 மி.மீ. தோல் இரண்டை முழுக்க ஒட்டினால் அது 6 மி.மீ. பலகை. அதே இரண்டையும் விளிம்பில் மட்டும் பிடித்து நடுவைச் சும்மா விட்டால், மடங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விறைப்பு கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். தைத்த சப்பாத்து இலகுவாக மடங்குவதன் இரகசியம் இவ்வளவுதான். நல்லெண்ணத்தில் அடுக்குகளுக்கு நடுவே முழுக்கப் பசை பூசுபவர்கள் அந்த நன்மையைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

தைக்கும் முறைகள் பல. 1858இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்ற தையல் நன்றாக வளையும். ஆனால் சப்பாத்தின் உள்ளே நுழையும் மெஷின் வேண்டும், ஊசித் துளைகள் நேரே உள்ளடிக்கு ஏறுவதால் மழைத்தண்ணீரும் ஏறும். உட்புறம் வெளியே வரத் தைத்துப் பிறகு புரட்டும் முறைக்கு மெல்லிய அடிதான் சரிவரும், வெயிலில் கொதிக்கும் தார் வீதிக்கு அது போதாது. வீட்டில் செய்ய நான் சொல்வது மேற்தோலின் கீழ் விளிம்பை உள்ளே மடிக்காமல் வெளியே மடித்து, நடு அடியோடு (உள்ளடிக்கும் தரையில் படும் அடிக்கும் இடையிலுள்ள தோல்) சுற்றிவரத் தைக்கும் முறை. ‘டெசேர்ட் பூட்’ என்று 1950 முதல் விற்கிற சப்பாத்துகளைப் பார்த்தால் விளங்கும். விளிம்பில் தையல் வெளியே தெரியும்.

கால் அளவைப் பின்னேரத்தில், எழுந்து நின்றபடி எடுங்கள். காகிதத்தில் பாதத்தை வரையும்போது பென்சிலைச் சரிக்காமல் நட்டுப் பிடிக்க வேண்டும். பெருவிரல் மூட்டு, சின்னவிரல் மூட்டு இரண்டையும் குறித்துக் கோடு போடுங்கள். அதுதான் மடிப்புக் கோடு. குதியிலிருந்து பார்த்தால் உட்பக்கம் பாத நீளத்தின் ஏறத்தாழ 72 சதவீதத்திலும் வெளிப்பக்கம் 63 சதவீதத்திலும் விழும்; அதாவது சரிந்த கோடு. அந்த இடத்துச் சுற்றளவையும் மேற்பாதச் சுற்றளவையும் நாடாவால் எடுங்கள். சப்பாத்தை உருவாக்கும் கால் வடிவக் கட்டையான அச்சுக்கட்டையின் நீளம் பாதத்தைவிட 10 முதல் 12 மி.மீ. கூட இருக்கட்டும். உள்தோல் வைக்காத மெல்லிய மேற்தோல் இளகிக் கொடுக்கும் என்பதால் மூட்டுச் சுற்றளவு காலைவிட 3 முதல் 5 மி.மீ. குறைந்திருக்கலாம். சிறுவயது முதல் செருப்போடு திரிந்த எங்கள் கால்களுக்கு முன்பாதம் அகலம். கடைக் கட்டை ஒடுங்கியிருந்தால் பக்கவாட்டில் 1.5 மி.மீ. தோல் ஒட்டி அகலமாக்குங்கள். விறைத்த அடிதான் விரல் நுனியில் மேலே தூக்கி நிற்க வேண்டும். மடங்கும் அடிக்கு 5 மி.மீ. தூக்கல் தாராளம்.

வடிவம் வெட்டக் கட்டைமேல் மறைப்பு டேப்பை இரண்டு படையாக ஒட்டி, அதில் கோடுகளை வரைந்து, உரித்து, மட்டையில் தட்டையாக்குவது போதும். கீழ் விளிம்புக்கு 12 மி.மீ. கூட விடுங்கள். லேஸ் தொடங்கும் வாய் மடிப்புக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எந்த இணைப்புத் தையலும் அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்தால் முதலில் அறுவது அதுதான். கோணேசர் கோயிலுக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும் என்பதால் ஆறு துளை லேஸ் வேண்டாம். இரண்டு துளை, அல்லது இரு பக்கமும் இலாஸ்டிக் துண்டு. இல்லாவிட்டால் ஆட்கள் குதியை மிதித்தபடி நுழைப்பார்கள், பின்பக்கம் படுத்துவிடும். குதியில் மட்டும் 1.5 முதல் 2 மி.மீ. விறைத்த தோல் வையுங்கள், விளிம்பைச் சீவிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து. வளையும் சப்பாத்து என்றாலும் குதி தளதளக்கக் கூடாது.

மேற்தோல் 1.6 முதல் 2 மி.மீ. குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது), ஒரு சோடிக்கு 3 சதுர அடி வாங்கினால் பிழை விட்டாலும் சமாளிக்கலாம். முன்பக்கத் துண்டை இழுபடாத திசை விரலிலிருந்து குதிக்குப் போகும்படி வெட்டுங்கள், வயிற்றுப் பக்கத் தோலைத் தொடாதீர்கள். நடு அடிக்கு 3 மி.மீ., உள்ளடிக்கு 2 மி.மீ., இரண்டும் மரப்பட்டையிலோ கடுக்காயிலோ பதனிட்டது. விற்பவர் சொல்வதில் சந்தேகமா? ஒரு கீற்றைக் கொதிதண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு இறுகும், குரோம் தோல் அப்படியே கிடக்கும்.

நடு அடியைக் கட்டையின் கீழே இரண்டு மூன்று பித்தளை ஆணியால் நிறுத்துங்கள். இரும்பாணி உப்புக்காற்றில் துருப்பிடிப்பது ஒருபுறம். துரு பட்டைத் தோலின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மையாகக் கறுத்து ஊறும். மேற்தோலை நனைத்து, குறட்டால் முதலில் விரல் நுனி, பிறகு குதி, கடைசியாகப் பக்கங்கள் என்று இழுங்கள். உள்ளே மடிக்கும் முறையில் நுனியில் தோல் மிஞ்சிச் சுருங்கும். இதில் நேர்மாறு: வெளியே போகப் போகத் தோல் போதாமல் வரும். எலும்புக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி அமத்த வேண்டும், அவசரப்பட்டால் விளிம்பு வெடிக்கும். விளிம்பில் 10 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை. ஒரு முழு நாள் காயட்டும்.

தையல் கட்டையின் ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி ஓட வேண்டும். 6, 7 மி.மீ. தள்ளினால் உள்ளே இடைவெளி விட்டு மேற்தோல் புரளும், 2 மி.மீ.க்குள் வந்தால் குத்தூசி கட்டையில் முட்டும். தையலுக்குத் தையல் 5 மி.மீ. நெருக்கித் தைத்தால் பலம் என்பது பிழையான எண்ணம். தபால் முத்திரைத் துளை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் விட்டு இழுப்பதுதான் கைத்தையல். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடிக்கும். 62 செ.மீ. சுற்றுக்கு 124 தையல், 5 மி.மீ. தடிப்புக்கு ஒவ்வொன்றும் 2 செ.மீ. நூல் குடிக்கும். நுனிகளோடு 3.25 மீற்றர் வெட்டுங்கள். உட்பக்க வளைவில் தொடங்கி அங்கேயே நாலு தையல் மேலோட்டி முடிக்க வேண்டும். அந்த இடம்தான் குறைவாக மடங்கும்.

நூல் 0.8 முதல் 1 மி.மீ. பொலியெஸ்டர், தேன்மெழுகு தடவியது. பருத்தியும் சணல்நூலும் வியர்வையில் உக்கும். கடற்கரைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற தங்கூசி என்ற மீன்பிடி நூல் பலமானதுதான், ஆனால் தோலை அறுக்கும், முடிச்சு வழுக்கும், நைலோன் என்பதால் இழுபட்டுத் தளரும். மீனுக்கே இருக்கட்டும்.

தைத்த பிறகு விளிம்பைத் தையலுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு வெட்டி, கீழே 4 மி.மீ. இறப்பர் அடியை ஒட்டுங்கள். இங்கே முழுக்க ஒட்டலாம். இறப்பர் இழுபடும் என்பதால் பெரிதாக விறைக்காது, நூலும் தரையில் தேயாது. இந்த முறைச் சப்பாத்துக்குப் புகழ்பெற்ற அடி கிரேப் இறப்பர், அதுவும் இலங்கையின் சொந்தச் சரக்கு. இருந்தும் இங்கே வேண்டாம் என்பேன். வேகவைத்து உறுதியாக்காத இறப்பர் அது; வெக்கையான கச்சான் காற்றுக் காலத்து வீதியில் பிசுபிசுத்து நிலாவெளி மணலையெல்லாம் அள்ளிவரும், எண்ணெய் பட்டால் ஊதும். கறுப்பு இறப்பர் தாளே மேல்.

பசை நியோபிறீன் வகை. இரு பக்கமும் அரத்தாளால் சுரண்டி, பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்துத் தட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இதைச் செய்யாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசை குளிர்ந்து, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். அன்று ஒட்டினதுபோல் இருக்கும், ஒரு மாதத்தில் தாளாக உரியும்.

உள்ளடியைக் கடைசியாக ஒட்டாமல் சும்மா நுழையுங்கள், தேவைப்பட்டால் குதியில் மட்டும் ஒரு துளி. நனைந்தால் வெளியே எடுத்துக் காயவைக்கலாம். கடல்தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் துடைத்து, பிறகு நிழலில்.