டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தால் வெளிநாட்டில் திருடுபோன போனுக்குப் பணம் கிடைக்குமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறார், டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று, அதில் பேகேஜ் கவர் என்று போட்டிருக்கிறது, போன் திருடுபோனால் அதில் பணம் வருமா?

பெரும்பாலும் வராது. வந்தாலும் போன் விலையில் கால்வாசி தேறினால் பெரிது. இதை எங்கேயும் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, வக்கீலும் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 14 வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது பையர் என்கிற வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. இன்சூரன்ஸே ஏமாற்று வேலை என்று சொல்லவும் வரவில்லை. என் மாமனாரின் ஆஞ்சியோவுக்கு ஒரு ரூபாய் பிடிக்காமல் பணம் கொடுத்ததும் ஒரு இன்சூரன்ஸ் பாலிசிதான். அதனால் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். போன் விஷயம் வேறு, அதை மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் விசாவுக்காகத்தான் அந்தப் பாலிசியை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐரோப்பா போவதற்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவர் காட்ட வேண்டும். அதற்காக எடுக்கிற பாலிசியில் ஆஸ்பத்திரிச் செலவுதான் முக்கியம். பாஸ்போர்ட் தொலைவது, பெட்டி தாமதமாவது எல்லாம் கூட ஒட்டிக்கொண்டு வருகிறவை. நானும் அப்படித்தான் 2024 மார்ச்சில் பார்சிலோனா போவதற்கு எட்டு நாளுக்கு 1,180 ரூபாய் கட்டி எடுத்தேன். பொருள் திருடுபோனால் என்ன ஆகும் என்று ஏஜென்ட் தம்பியிடம் கேட்டேன். கேட்காமல் விடவில்லை. "பேகேஜ் எல்லாம் கவர் ஆகுதுங்க்கா, 500 டாலர் போட்டிருக்குது பாருங்க" என்றார். முதல் பக்கத்து அட்டவணையில் அது இருந்தது. நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். போர்ட்டல் டி லாஞ்சல் என்கிற கடைத்தெருவில் ஸ்டோர் விசிட் முடித்திருந்தோம். எங்கள் வேலையில் இது முக்கியம். எந்தக் கடையில் என்ன நெக் ரிப், என்ன பிரிண்ட், என்ன விலை என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்புறம் கத்தலூன்யா ஸ்டேஷனில் மெட்ரோ பச்சை லைன் ஏறினோம். மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பாரலெலில் இறங்கினால் ஹோட்டல். கூட வந்தது எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் அண்ணன் மட்டும். கதவோரம் நின்று, லேப் டிப் (சாயம் போட்ட துணி மாதிரி) சம்பந்தமாக ஊரிலிருந்து வந்திருந்த மெசேஜுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

லிசேயு ஸ்டேஷனில் கதவு திறந்தது. ஒருவன் தோளால் என்னைக் கம்பியோடு சேர்த்து அழுத்தினான். இன்னொருவன் போனோடு என் மணிக்கட்டையும் பிடித்துத் திருகி இழுத்தான். கையில் பச்சைக் கண்ணாடி வளையல் நான்கு போட்டிருந்தேன். அதில் இரண்டு நொறுங்கின. நான் கத்துவதற்குள் இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் ஓடுகிறார்கள், பீப் பீப் என்று கதவு மூடுகிறது. கீழே பார்த்தால் பச்சைக் கண்ணாடித் துண்டுகள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எழுந்து வந்து டிஷ்யூவை என் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. அந்தக் கை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் சிலர், வெளிநாட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏன் நின்றீர்கள் என்று கேட்பார்கள். என் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். மேப், டிக்கெட், ஹோட்டல் புக்கிங், பையர் ஆபீஸ் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கிறது. எடுக்காமல் எப்படி இருப்பது? பறிகொடுத்தவரைக் குறை சொல்வதில் என்ன கிடைக்கிறதோ தெரியவில்லை.

அண்ணன் போனிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பார்சிலோனாவில் மாலை ஆறரை, ஊரில் இரவு 11 மணி. அவர் முதலில் சிம்மை பிளாக் செய்தார், அப்புறம் பேங்குக்குக் கூப்பிட்டு யுபிஐயை நிறுத்தினார். நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள். ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் போகும். அதன்பிறகு பீரோ மேலிருந்த போன் டப்பாவை இறக்கி, அதில் ஒட்டியிருந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் படம் எடுத்து அண்ணன் நம்பருக்கு அனுப்பினார். போலீஸில் முதலில் கேட்டது அதைத்தான். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே உங்கள் போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து வருகிற எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போனிலேயே சேமித்து வைத்தால் உதவாது.

நோ டி லா ரம்ப்லா தெருவில் உள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களாகவே பெரிய வரிசை. ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கையில் பெரிய காயம் இல்லை என்று வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காக அண்ணன் அங்கேயே ஒரு படம் எடுத்து அனுப்பினார். உடைந்த வளையல், ரத்தக் கீறல், நேரம் 8:12. அந்தப் படம்தான் பின்னால் கை கொடுத்தது.

என் முறை வந்தது. அந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "பிக்பாக்கெட்?" என்று கேட்டார். "யெஸ், பிக்பாக்கெட்" என்றேன். ஒன்பது மணிக்குப் பையரோடு சாப்பாடு, தாமதமானால் நன்றாக இருக்காது என்ற பதற்றம் எனக்கு. கீறல் ஸ்வெட்டர் கைக்குள் மறைந்திருந்தது. தோளால் அழுத்தியது, கையைத் திருகியது எதையும் சொல்லவில்லை. அவர் ஸ்பானிஷில் டைப் செய்து இரண்டு பக்கம் பிரிண்ட் கொடுத்தார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டேன். போன் பில், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கம், போலீஸ் ரிப்போர்ட், 2,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. 19 நாள் கழித்து நிராகரித்து மெயில் வந்தது. இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள்.

முதல் காரணம்: அந்த 500 டாலர் பேகேஜ் கவர், விமானக் கம்பெனியிடம் ஒப்படைத்த செக்-இன் பெட்டிக்கு மட்டும்தான். அதிலும் நகை, பணம், போன், லேப்டாப், கேமரா சேராது. விமானக் கம்பெனிக்காரர்கள், விலை உயர்ந்த பொருளைச் செக்-இன் பெட்டியில் போடாதே, கையில் கொண்டு வா என்கிறார்கள். பவர் பேங்கைச் செக்-இன்னில் போடவே விடமாட்டார்கள், பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால். கையில் வைத்திருக்கச் சொன்ன பொருளுக்குப் பெட்டியில் இருந்தால்தான் கவர், பெட்டியில் இருந்தாலும் கவர் இல்லை. இதை ஏன் முதல் பக்கத்தில் போடக் கூடாது என்று இன்றைக்கும் கேட்கிறேன். பாலிசியின் 40 பக்கத்தையும் படித்திருக்க வேண்டியதுதானே என்பவர்களுக்கு: படித்தேன், பிறகு. எல்லாம் ஆங்கிலம், பொடி எழுத்து. பத்தாவது வரை படித்துவிட்டு மகனைப் பார்க்க வெளிநாடு போகிற ஒரு அம்மாவால் படிக்க முடியுமா?

இரண்டாவது காரணம்தான் என்னை வாட்டியது. பாலிசியில் தனிப்பட்ட உடைமைகள் என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. அதில் போன் உண்டு. ஆனால் பலவந்தமாகப் பறித்திருந்தால் மட்டும். போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்த சொல் 'உர்த்தோ'. ஸ்பெயின் சட்டத்தில் வன்முறை இல்லாமல் எடுத்துக்கொண்டு போனால் அது உர்த்தோ. அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் வேறு சொல், 'ரோபோ'. நம் ஊரிலும் திருட்டும் வழிப்பறியும் ஒன்றில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆம் பிரிவு இருக்கிறது. எனக்கு நடந்தது பறிப்பு. நான் சொன்னது பிக்பாக்கெட். அவர் எழுதியது உர்த்தோ.

விட மனசு வரவில்லை. அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். 8:12 படம், அண்ணன் கையெழுத்துப் போட்ட சாட்சிக் கடிதம், நடந்ததை வரி வரியாகச் சொல்லி என் கடிதம். மே மாதம் அதே பதில் மறுபடி வந்தது. ஜூனில் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வருகிற புகாரை விசாரிக்கிறவர் அவர்.

இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னை அலுவலகம். ஆன்லைனிலேயே போடலாம். செப்டம்பரில் வீடியோவில் விசாரணை. என்னைத் தமிழில் பேச விட்டார்கள். என்ன நடந்தது, ஏன் போலீஸில் அதைச் சொல்லவில்லை என்று சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கம்பெனித் தரப்பு பணம் தர ஒத்துக்கொண்டது.

எவ்வளவு தெரியுமா? அந்தப் பிரிவில் ஒரு பொருளுக்கு உச்சவரம்பு 250 டாலர். அதில் 50 டாலர் நம் பங்கு என்று கழித்துவிடுவார்கள். மீதி 200 டாலர், கிட்டத்தட்ட 16,600 ரூபாய். போன் விலை 61,990. ஐந்து மாதப் போன், இஎம்ஐயில் வாங்கியது. போன் போன பிறகு ஏழு தவணை கட்டினேன். கடைசித் தவணை போன அதே அக்டோபரில்தான் இந்தப் பணம் வந்தது. 16,600 ரூபாய்க்கு இத்தனை மாதமா என்று கேட்கலாம். பொய்யான கிளெய்ம் போட்டவள் மாதிரி அந்த நிராகரிப்பு மெயில் என்னைப் பேசியிருந்தது. அது எழுத்தில் மாற வேண்டும் என்று நினைத்தேன், மாறியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் துறையில் கம்பெனி சிம் கொடுக்கும், போன் நம்முடையது. ஃபிட் சாம்பிள் படம், கலர் அப்ரூவல், ராத்திரி 12 மணிக்குப் பையர் கேட்கிற ஷிப்மென்ட் நிலவரம் எல்லாம் நம் காசில் வாங்கிய போனில். ஸ்டோர் விசிட் படம் 300க்கு மேல் அதில் போயிற்று. ரோமிங் டேட்டா குறைவு என்பதால் பேக்கப்பும் ஆகவில்லை. அடுத்த நாள் மறுபடி கடை கடையாக ஏறி அண்ணன் போனில் எடுத்து வந்தேன். திரும்பி வந்து ஆபீஸில் பாதி விலையாவது தரக் கூடாதா என்று கேட்டேன். சொந்தப் பொருளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று அக்கவுன்ட்ஸில் சொல்லிவிட்டார்கள். அந்தப் படங்களிலிருந்து வந்த ஆர்டர் கம்பெனியுடையது, போன் மட்டும் சொந்தப் பொருள். மெர்ச்சண்டைசர்கள் யாராவது இதைப் படித்தால், வெளிநாட்டுப் பயணத்துக்குக் கம்பெனி போன் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பாலிசியில் பேகேஜ் என்ற தலைப்பைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். செக்-இன் என்று இருந்தால் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடைமைகள் என்றோ கேட்ஜெட் என்றோ தனிப் பிரிவு இருக்கிறதா, இருந்தால் எந்த வகைத் திருட்டுக்கு, ஒரு பொருளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். ஹோட்டல் மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனால் அது கவனிக்காமல் விட்ட பொருள், கிடைக்காது. எங்கேயோ விழுந்துவிட்டது என்றாலும் கிடைக்காது. போன் கடையில் விற்கிற பாதுகாப்புத் திட்டத்தை நம்பியும் போகாதீர்கள். எனக்கும் ஒன்று இருந்தது, இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்று எழுதியிருந்தது.

திருடுபோனால் 24 மணி நேரத்துக்குள் அந்த ஊர் போலீஸில் எழுதி வாங்கிவிடுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. தள்ளினார்களா, இழுத்தார்களா, காயம் உண்டா, நடந்தது அத்தனையும் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்த்துக் கேளுங்கள். சாப்பாட்டுக்குத் தாமதமானால் ஆகட்டும்.

உங்கள் பாலிசியின் அந்தப் பிரிவைப் படம் எடுத்துக் கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். பாலிசி எண்ணையும் பெயரையும் மட்டும் மறைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன்னால் போடுங்கள், அப்போதுதான் மாற்ற நேரம் இருக்கும்.