டிஸ்கஸோடு எந்த மீன்களை விடலாம்?

டிஸ்கஸ் மீன் வளர்க்கும் தொட்டியில் நியான் டெட்ரா, ஏஞ்சல் மீன்களையும் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். நியானுக்கு 25 டிகிரி போதும். டிஸ்கஸுக்கான சூட்டில் நியானின் ஆயுள் குறையும். அதே நீலம், சிவப்பில் கார்டினல் டெட்ரா இருக்கிறதே, அது தாங்கும். ரம்மிநோஸ் டெட்ராவும் நல்ல தேர்வு. பத்துக்குக் குறையாமல் கூட்டமாக விடுங்கள். அடித்தளத்துக்கு ஸ்டெர்பாய் கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி; கோரிடோரஸ் வகைகளில் சூட்டை நன்றாகத் தாங்குபவற்றில் அது ஒன்று.

அடுத்து சாப்பாடு. டிஸ்கஸ் உணவைக் கொத்தும், துப்பும், மறுபடி கொத்தும். அதற்குள் ஏஞ்சல் பாதியைக் காலி செய்துவிடும். ஒட்டுண்ணிகளையும் கொண்டு வரலாம். டைகர் பார்ப் மீனும் வேண்டாம், துடுப்பைக் கடிக்கும். கடையில் 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று தள்ளிவிடும் சாதா பிளெக்கோ (வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன்), இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டி மேல்வழவழப்பை உறிஞ்சும். பாசியைத் தின்ன பிரிசில்நோஸ் என்ற சிறிய பிளெக்கோ வகை போதும்.

அப்புறம், எதை வாங்கினாலும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.