மக்காச்சோளப் பாம்புக் குட்டியின் சாம்பல் நிறம் மாறுமா?

அமெரிக்காவிலிருக்கும் உங்கள் அண்ணன் மகன் வளர்க்கும் மக்காச்சோளப் பாம்புக் குட்டி (corn snake, அங்கே வீடுகளில் வளர்க்கும் நஞ்சில்லாத பாம்பு), படத்தில் பார்த்த ஆரஞ்சு நிறத்தில் இல்லாமல் சாம்பலாக இருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், அது அப்படித்தான் பிறக்கும்.

முட்டையிலிருந்து வரும்போது அதன் உடலில் கருப்பும் சிவப்பும் மட்டுமே தெரியும். அதனால் சாம்பல் நிற உடலில் அடர்பழுப்புத் திட்டுகளாகக் காட்சியளிக்கும். மஞ்சள் நிறமி உணவிலிருந்து சிறிது சிறிதாகச் சேர வேண்டியது. பல மாதங்கள் கழித்து, முதலில் கழுத்தோரமும் தாடையும் மஞ்சள் பூசியதுபோல் ஆகும். அந்த மஞ்சள் பரவப் பரவ, சாம்பல் ஆரஞ்சாகத் திரும்பும். முழு நிறம் வர 2, 3 ஆண்டுகள் ஆகலாம். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாரித்து உடல் மங்கும். அது நோயல்ல, உரித்த மறுநாளே பளிச்சென்றிருக்கும்.

நம் தோவாளை வயல் வரப்புகளில் திரியும் சாரையும் இப்படித்தான். குட்டியின் முன்னுடலில் வெளிறிய குறுக்குப்பட்டைகள் இருக்கும், பெரிய கண்கள் வேறு. வளர வளரப் பட்டைகள் மறைந்து பழுப்பாகிவிடும், வால்பக்கம் மட்டும் கருங்கோடுகள் நிற்கும். தென்னை மூட்டில் பட்டை போட்ட குட்டியைக் கண்டதும் விரியன் என்று அடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வலிக்கிறது. நஞ்சில்லாத, எலி தின்னும் பாம்பு அது. எதுவென்று தெரியாவிட்டால் தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.